இது எந்த யூனிட், மேம்?



கல்லூரி வகுப்பறைகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரைக்கு நிறையக் கடிதங்கள் வந்தன. அவற்றில் ஒன்றை இன்னும் கோப்பில் சேர்க்க மனம் வராமல் மேசையிலேயே வைத்திருக்கிறேன். எழுதியவர் டெல்டா மாவட்டம் ஒன்றில், அரசு கலைக் கல்லூரியில் பொருளியல் கற்பிப்பவர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். தேவை நெகிழ்ச்சிப் பாடத்தைக் கரும்பலகையில் நடத்தாமல், இரண்டாமாண்டுப் பிள்ளைகளை உள்ளூர் உழவர் சந்தைக்கு அழைத்துப் போயிருக்கிறார். விலைப் பலகையைப் பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். தக்காளி விலை ஏறினால் எவ்வளவு குறைப்பீர்கள், வெங்காயம் ஏறினால் என்ன செய்வீர்கள் என்று வாங்க வந்தவர்களைக் கேட்டார்கள். கீரைக்காரம்மாவிடம் வாயாடினார்கள். வகுப்பில் ஒரு வார்த்தை பேசாத பையன்கள்கூட அன்று பேசினார்களாம். திரும்பி வந்து உட்கார்ந்ததும் முதல் பெஞ்சு மாணவி எழுந்து கேட்டாள்: "இது எந்த யூனிட், மேம்? எத்தனை மார்க்குக்கு வரும்?" பின்னாலிருந்து இன்னொரு குரல்: "நோட்ஸ் குடுத்துடுங்க மேம்."

'என்ன செய்தாலும் இந்தப் பிள்ளைகள் இவ்வளவுதான்' என்று கடிதம் முடிகிறது.

பேராசிரியையின் கசப்பு நியாயமானதே. ஆனாலும் இந்த மாதம் இந்தப் பக்கத்தில் அந்த முதல் பெஞ்சு மாணவிக்காகக் கொஞ்சம் வாதாட விரும்புகிறேன். ஏனென்றால் அவள் கேட்டது சோம்பேறியின் கேள்வி இல்லை. தான் இருக்கும் இடத்தைச் சரியாகப் புரிந்துகொண்ட ஒருத்தியின் கேள்வி.

அவள் எங்கிருந்து வருகிறாள் என்று பாருங்கள். பிளஸ் டூ மதிப்பெண்தான் தலையெழுத்து என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்ட தலைமுறை இது. எந்தப் பாடத்திலிருந்து எத்தனை கேள்வி வரும் என்று சொல்லும் புளூபிரிண்டை வைத்துக்கொண்டு, எந்தப் பாடத்தைப் படிக்காமல் விடலாம் என்று ஆசிரியர்களே கணக்குப் போட்டுக் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. பெயர் பெற்ற விடுதிப் பள்ளிகள் பல, பிளஸ் ஒன் பாடத்தை அப்படியே மூட்டை கட்டி வைத்துவிட்டு, இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்தன. அதைத் தடுக்கத்தான் 2017இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு என்று அரசு அறிவித்தது. ஒரு வருடப் பாடத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வைக்க, நமக்குத் தெரிந்த ஒரே வழி இன்னொரு தேர்வு! 2025இல் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானபோது அந்தத் தேர்வு கைவிடப்பட்டது. அது போனதால் பிளஸ் ஒன் பாடம் திரும்பி வகுப்பறைக்கு வந்திருக்கிறதா என்பதைப் பள்ளி ஆசிரியர்கள் எழுதினால் மகிழ்ச்சியோடு வெளியிடுவேன்.

கல்லூரிக்கு வந்தாலாவது மாறுகிறதா? பாடத்திட்டம் எந்தத் துறையாக இருந்தாலும் ஐந்து யூனிட். கலை, அறிவியல் கல்லூரிகள் பலவற்றில் பருவத் தேர்வு 75 மதிப்பெண்: இரண்டு மார்க்கில் 10, ஐந்து மார்க்கில் 5, பத்து மார்க் கேள்விகள் ஐந்தில் 3. ஐந்தில் மூன்று எழுதினால் போதும் என்றால் இரண்டு யூனிட்டைப் பெரிய கேள்விக்குப் படிக்கவே வேண்டாம் என்பது எந்த மாணவருக்கும் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடுகிறது. பொறியியலில் இன்னும் சுவையான கதை. அண்ணா பல்கலைக்கழகம் 2017 விதிமுறையில் பழைய 16 மார்க் கேள்விகளை 13 ஆகக் குறைத்து, 15 மார்க்குக்குப் 'பார்ட் சி' என்று தனியாக ஒரு கேள்வியைக் கொண்டுவந்தது. மனப்பாடம் செய்ததை அப்படியே இறக்கி வைக்க முடியாத, யோசித்து எழுதும் கேள்விக்கான இடம் அது. சில பருவங்கள் போவதற்குள் 'பார்ட் சி இம்பார்ட்டன்ட்' என்று அதற்கும் தொகுப்பு போட்டுவிட்டார்கள்.

யார் என்கிறீர்களா? கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடைக்குப் போய்ப் பாருங்கள். தேர்வு நெருங்கும்போது நூலகத்தைவிட அங்கேதான் கூட்டம். ஐந்து வருடக் கேள்வித்தாள், இரண்டு மார்க் கேள்வி-பதில், ஸ்பைரல் பைண்டிங் செய்த நோட்ஸ். பொறியியல் மாணவர்களின் பேச்சில் 'லோக்கல் ஆத்தர்' என்றொரு வகை உண்டு. கேள்வித்தாள் எந்த வரிசையில் கேட்கிறதோ அந்த வரிசையில் எழுதப்பட்ட புத்தகம் அது. பாடநூல் என்று பாடத்திட்டத்தின் அடியில் அச்சாகியிருக்கும் வெளிநாட்டுப் புத்தகத்தை நான்கு வருடத்தில் ஒருமுறைகூடத் தொடாமல் பொறியாளர் ஆகிவிடலாம். ஆகியும் இருக்கிறார்கள், நல்ல வேலையிலும் இருக்கிறார்கள்.

இதற்கெல்லாம் 'இந்தக் காலத்துப் பிள்ளைகள்' காரணம் இல்லை. நம் பல்கலைக்கழகம் பிறந்த விதமே அப்படி. 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை என்று மூன்று பல்கலைக்கழகங்கள் தொடங்கப்பட்டபோது, எடுத்துக்கொண்ட மாதிரி லண்டன் பல்கலைக்கழகம். அது அன்று பாடம் நடத்தும் இடமில்லை. எங்கோ படித்துவிட்டு வருபவர்களுக்குத் தேர்வு வைத்துப் பட்டம் கொடுக்கும் அலுவலகம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் என்று நாம் பெருமையோடு சொல்லும் சி.வை.தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் கல்வி கற்றது யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைச் செமினரியில். பல்கலைக்கழகம் அவர்களுக்குக் கேள்வித்தாள் கொடுத்தது, விடைத்தாளை வாங்கிக்கொண்டது. இந்தியப் பல்கலைக்கழகங்கள் தாமே பாடமும் நடத்தலாம் என்று சட்டம் வந்தது 1904இல். அதாவது, ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம் பல்கலைக்கழகம் என்றால் தேர்வு, தேர்வு என்றால் பல்கலைக்கழகம். சுதந்திரம் வந்த கையோடு அமைக்கப்பட்ட ராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழு, உயர்கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தம்தான் செய்யலாம் என்றால் அது தேர்வில் இருக்கட்டும் என்ற பொருளில் எழுதியது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியாரும் அந்தக் குழுவில் இருந்தார். அந்தக் குழு அப்படி எழுதி முக்கால் நூற்றாண்டு ஆகிவிட்டது.

இந்த அமைப்பில் பாடம் நடத்துபவர் ஒருவர், கேள்வி எடுப்பவர் இன்னொருவர், விடைத்தாள் திருத்துபவர் மூன்றாமவர். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. மூன்றாமவர் வேறொரு மாவட்டத்தில் திருத்தும் முகாமில் காலையில் ஒரு கட்டு, பிற்பகலில் ஒரு கட்டு என்று கையில் விடைக்குறிப்போடு உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு உழவர் சந்தையும் தெரியாது, கீரைக்காரம்மாவையும் தெரியாது. தலைப்பு அடிக்கோடிட்டிருக்கிறதா, ஐந்து வகையும் வந்துவிட்டதா, வரைபடம் இருக்கிறதா என்று பார்ப்பார். தன் சொந்த வார்த்தையில், சந்தையில் கேட்டதை வைத்து எழுதிய மாணவிக்கு அங்கே என்ன கிடைக்கும் என்பது அவளுக்குத் தெரியும். "எந்த யூனிட், மேம்?" என்று கேட்டது அதனால்தான்.

அரியர் என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால் இருக்கும் பயத்தையும் நாம் மறந்துவிடக் கூடாது. வேலைக்கு ஆள் எடுக்க வரும் நிறுவனங்கள் பல, பத்தாம் வகுப்பிலிருந்து 60 விழுக்காடு, நிலுவைத் தாள் எதுவும் கூடாது என்று வாசலிலேயே சல்லடை வைக்கின்றன. 2020இல் கொரோனாவின்போது, கட்டணம் கட்டிய அரியர் மாணவர்கள் எல்லோருக்கும் தேர்ச்சி என்று அரசு அறிவித்ததும், ஊர் ஊராக நன்றிச் சுவரொட்டிகள் முளைத்ததை நினைத்துப் பாருங்கள். நாம் சிரித்தோம், மீம்ஸ் பகிர்ந்தோம். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. ஒட்டியவர்களின் நிம்மதியைப் பற்றி யாரும் அதிகம் எழுதவில்லை. (இந்த இடத்தில், கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்த ராமானுஜனை அழைத்து வருவது கட்டுரையாளர்களின் வழக்கம். அவரை விட்டுவிடுவோம். நான்கு தாள் நிலுவையில் இருக்கும் பிள்ளைக்கு அந்தக் கதையால் ஒரு பயனும் இல்லை.)

இனி, சொல்லக் கொஞ்சம் தயக்கமான ஒன்று. மாணவரை மையமாக வைத்துக் கற்பிப்பது என்கிறோமே, எந்த மாணவரை?

2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47 விழுக்காடு. இந்தியச் சராசரி 28.4. இந்த 47க்குள் வீட்டில் முதல்முதலாகக் கல்லூரி வாசலை மிதிப்பவர்கள் ஏராளம். வட்டாட்சியர் அலுவலகத்தில் வரிசையில் நின்று முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கி வருபவர்கள். குழு விவாதம் என்று ஆறு ஆறு பேராகப் பிரித்து உட்கார வைத்தால் என்ன நடக்கிறது? நகரத்துப் பள்ளியில் ஆங்கிலத்தில் படித்து வந்த ஒருவர் பேசுவார். இன்னொருவர் பவர்பாயின்ட் செய்வார். மீதி நான்கு பேர் பக்கத்தில் நின்று சார்ட்டைப் பிடித்துக்கொள்வார்கள். பங்கேற்புக்கு மதிப்பெண் என்றால் அது யாருக்குப் போகும்? சரளமாகப் பேசுபவருக்கு, ஆசிரியருக்குப் பிடித்தவருக்கு. அகமதிப்பீட்டு மதிப்பெண்ணைச் சொல்லி மிரட்டும் ஆசிரியர்களும் உண்டு என்பது கல்லூரி நடத்தும் யாருக்கும் புதிய செய்தி அல்ல.

பருவத் தேர்வில் அந்தப் பிரச்சினை இல்லை. விடைத்தாளில் பெயர் மறைக்கப்பட்டு டம்மி எண் போடப்படுகிறது. ஊர் தெரியாது, சாதி தெரியாது, உடுத்தியிருக்கும் உடை தெரியாது, பேச்சு கேட்காது. அந்த மூன்று மணி நேரத்துக்கு முதல் தலைமுறைப் பிள்ளையும் மருத்துவர் வீட்டுப் பிள்ளையும் வெறும் எண்கள். நாம் மனப்பாடத் தேர்வு என்று பழிக்கும் அதே தேர்வைத் தனக்குக் கிடைத்த ஒரே நேர்மையான நீதிபதியாக ஒரு மாணவி நினைத்தால், அதை எளிதில் தள்ளிவிட எனக்குத் துணிவில்லை. அவளிடமிருந்து தேர்வை எடுத்துவிட்டு விவாதத்தைக் கொடுப்பதற்கு முன்னால், விவாதத்தில் அவளுக்கு அதே நேர்மை கிடைக்கும் என்று நாம் உறுதி சொல்ல வேண்டும். புதிய கற்பித்தல் முறைகளைப் பற்றிப் பேசும் அறிஞர்களில் பலர் இதைச் சொல்லாமல் கடந்துபோவது வியப்பாக இருக்கிறது.

கல்லூரி நிர்வாகங்கள் இந்த மாணவர் மையப் பேச்சை எப்படி எடுத்துக்கொண்டன என்பது தனிக் கூத்து. மாணவர் மையக் கற்பித்தலுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கல்லூரிகளைத் தர மதிப்பீடு செய்யும் 'நாக்' அமைப்பு கேட்கிறது. கேட்டதும் கல்லூரிகள் ஜியோடேக் செய்த புகைப்படங்களைத் தயார் செய்கின்றன. கேள்விக்குப் பக்கத்தில் கே1, கே2 என்று கல்வியியலாளர் புளூம் வகுத்த சிந்தனைப் படிநிலையைக் குறிக்கச் சொல்கிறார்கள். போன வருடம் 'விளக்குக' என்று இருந்த கேள்வி இந்த வருடம் 'பகுப்பாய்வு செய்க' என்று மாறி கே4 ஆகிவிடுகிறது. விடை மட்டும் அதே ஸ்பைரல் நோட்ஸில் அதே பக்கத்தில் இருக்கிறது. பாட விளைவுகளையும் திட்ட விளைவுகளையும் கட்டம் கட்டிப் பொருத்தும் வேலையில் ஆசிரியர்களுக்குப் போகும் மாலைப்பொழுதுகளை எண்ணினால் வயிறு எரிகிறது. கௌரவ விரிவுரையாளர்கள் பாடு இன்னும் மோசம். கடைசியில் துறைத்தலைவர் கேட்கப்போவது ஒன்றுதான்: "உங்க பேப்பர்ல எத்தனை பர்சன்ட் பாஸ்?"

அந்தப் பேராசிரியைக்கு ஆறுதலாக ஒன்று சொல்லலாம். நோட்ஸ் கேட்பது நம் பிள்ளைகளின் தனிக் குணம் இல்லை. ஹார்வர்டில் லூயி டெலோரியே என்பவரும் உடன் பணியாற்றியவர்களும் அறிமுக இயற்பியல் வகுப்பு மாணவர்களிடம் ஒரு சோதனை செய்து 2019இல் வெளியிட்டார்கள். ஒரு பகுதியினருக்குத் தேர்ந்த விரிவுரை. இன்னொரு பகுதியினருக்கு அதே பாடம், அதே குறிப்புத்தாள், ஆனால் தாமே கணக்கைப் போட்டுப் பார்த்துத் தடுமாறிக் கற்கும் வகுப்பு. தடுமாறியவர்களே சோதனையில் கூடுதல் மதிப்பெண் வாங்கினார்கள். ஆனால் அதிகம் கற்றுக்கொண்டதாக உணர்ந்தவர்கள் யார் என்று கேட்டால், விரிவுரையைச் சுகமாகக் கேட்டவர்கள்! நல்ல பேச்சைக் கேட்டதும் எல்லாம் புரிந்த மாதிரி இருக்கிறது. தானே யோசிக்கும்போது ஒன்றும் தெரியாத மாதிரி இருக்கிறது. இதை மாணவர்களிடம் பருவத் தொடக்கத்திலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள் என்பது அவர்களின் பரிந்துரை. சந்தைக்குப் போகுமுன் பத்து நிமிடம் இதைப் பேசியிருந்தால், திரும்பி வந்தபோது கேள்வி வேறாக இருந்திருக்கலாம்.

இன்னொரு ஆய்வு பழையது, ஸ்வீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழகத்தில் 1970களில் நடந்தது. மார்ட்டன், சேல்யோ என்ற இருவர், மாணவர்கள் ஒரு கட்டுரையை எப்படிப் படிக்கிறார்கள் என்று பார்த்தார்கள். சிலர் வரிகளைப் பிடித்துக்கொண்டார்கள், சிலர் எழுதியவர் என்ன சொல்ல வருகிறார் என்று தேடினார்கள். எனக்குப் பிடித்தது அதற்குப் பின் சேல்யோ கண்ட விஷயம். விவரம் கேட்கும் கேள்விகள் வரும் என்று தெரிந்தால் மாணவர்கள் எல்லோரும் மேலோட்டமான படிப்புக்கு எளிதாக இறங்கிவிட்டார்கள். சாரத்தைக் கேட்கும் கேள்விகள் வரும் என்று தெரிந்தபோதோ, சிலர்தான் ஆழத்துக்குப் போனார்கள். மற்றவர்கள் சுருக்கம் எழுதும் ஒரு வாய்பாட்டைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள். நம் 'பார்ட் சி இம்பார்ட்டன்ட்' தொகுப்பை ஸ்வீடன்காரர்கள் முன்கூட்டியே கண்டுவிட்டார்கள்! கீழே இழுக்க ஒரு மோசமான கேள்வி போதும். மேலே ஏற்ற நல்ல கேள்வி மட்டும் போதாது, அந்தக் கேள்வியோடு வகுப்பும் மாற வேண்டும். வகுப்பு மட்டும் மாறி, கேள்வி பழையதாகவே இருந்தாலும் கதை ஓடாது. பேராசிரியையின் சந்தைப் பயணத்துக்கு நேர்ந்தது இந்த இரண்டாவது.

மனப்பாடத்தை நான் பழிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தேவாரம் ஓதுகிறவரும் கீர்த்தனை பாடுகிறவரும் பாடம் பண்ணாமல் அந்த இடத்துக்கு வந்ததில்லை. படித்ததைத் திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பது நீண்ட நாள் நிற்கும் என்று ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் காட்டியிருக்கிறார்கள். சோதித்துப் பார்ப்பதே கற்பதுதான். அந்த வகையில் தேர்வு மாணவருக்கு எதிரியே இல்லை.

பல்கலைக்கழகம் மாறும் வரை ஒன்றும் செய்ய முடியாதா? அகமதிப்பீடு ஆசிரியர் கையில்தான் இருக்கிறது. கலைக் கல்லூரிகள் பலவற்றில் 25 மதிப்பெண். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் எழுத்துத் தாள்களுக்கு 20லிருந்து 40 ஆக உயர்த்தியிருக்கிறார்கள். இந்த மதிப்பெண்ணை, ஏ4 தாளில் பார்த்து எழுதிய அசைன்மென்டுக்கும் வருகைப்பதிவுக்கும் பிரித்துக் கொடுத்துவிடுவது வழக்கம். 'தேவை நெகிழ்ச்சியின் வகைகளை விளக்குக' என்று கேட்பதற்குப் பதிலாக, சந்தையில் குறித்து வந்த விலைகளைத் தாளில் அச்சடித்து, 'தக்காளி இரண்டு மடங்கு விலையானபோது நீங்கள் பேசியவர்கள் பாதிதான் வாங்குவோம் என்றார்கள், வெங்காயத்தில் அவ்வளவு குறைக்கவில்லை, ஏன்? உப்பு விலை இரண்டு மடங்கானால் என்ன ஆகும்? உங்கள் வீட்டை வைத்து விடை சொல்லுங்கள்' என்று அடுத்த உள்தேர்வில் கேட்கலாம். அதற்கு விடை எந்த ஜெராக்ஸ் கடையிலும் கிடைக்காது. ஆனால் வகைகளைத் தெரிந்துகொள்ளாமல் எழுதவும் முடியாது. அதே மாணவி பருவத் தேர்வில் பழைய கேள்வி வந்தாலும் எழுதிவிடுவாள்.

உள்தேர்விலும் பெயரை மறைத்துத் திருத்தலாம். தாளின் முதல் பக்கத்தை மடித்து ஒட்டிவிட்டு எண் போட எவ்வளவு நேரம் ஆகும்? குழுவாகப் பேசட்டும், எழுதுவது தனித்தனியாக இருக்கட்டும். அப்போது சார்ட் பிடித்து நிற்பவருக்கும் தாள் உண்டு. இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் ஹார்வர்டில் 1990களில் செய்து பார்த்த முறை ஒன்று நம் பெஞ்சு வகுப்புக்கு மிகவும் பொருந்தும். பாடத்தின் நடுவே ஒரு கேள்வி, ஒவ்வொருவரும் தனியாக ஒரு விடையைத் தேர்ந்துகொள்ள வேண்டும், பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் தன் விடைதான் சரி என்று வாதாட வேண்டும். வட்ட மேசை தேவையில்லை, ஏசி அறை தேவையில்லை. தமிழில் வாதாடலாம், தஞ்சாவூர்ப் பேச்சிலேயே வாதாடலாம். வகுப்பு முழுவதும் எழுந்து நின்று ஆங்கிலத்தில் பேசத் தயங்குபவர் பக்கத்து பெஞ்சுக்காரரிடம் தயங்க மாட்டார்.

தன்னாட்சிக் கல்லூரிகளைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கடுமையாகச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். 1978இலிருந்து தமிழ்நாட்டில் தன்னாட்சி இருக்கிறது. கேள்வித்தாள் அவர்கள் கையில், திருத்துவது அவர்கள் கையில். அப்படி இருந்தும் பெரும்பாலான இடங்களில் பல்கலைக்கழகத்தின் அதே ஐந்து யூனிட், அதே 'ஐந்தில் மூன்று'. அவர்களுக்கு யார் தடை என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். கல்லூரியில் கற்பிப்பவர்கள், நீங்கள் உள்தேர்வுக்கு எடுத்த கேள்விகளில் உங்களுக்கே பிடித்த ஒன்றை எங்களுக்கு அனுப்புங்கள். அதற்கு வந்த விடைகளில் உங்களைத் திடுக்கிட வைத்த ஒன்றையும் சேர்த்து அனுப்பினால் நல்லது. எந்தப் பாடமானாலும் சரி, விடை தவறாக இருந்தாலும் சரி. மாணவர்களே, உங்களை நின்று யோசிக்க வைத்த கேள்வி ஏதாவது இருந்தால் நீங்களும் எழுதுங்கள், அப்படி ஒன்று வரவே இல்லை என்றால் அதையும் எழுதுங்கள். தேர்ந்தெடுத்த கேள்விகளை விடைகளோடு அடுத்தடுத்த இதழ்களில் வெளியிடுகிறோம். பெயரும் கல்லூரியும் வேண்டாம் என்றால் போட மாட்டோம்.

அன்புடன்,
ஆசிரியர்